எத்தனை மணிக்கு?

முதல் நாளே அவருக்கும் எனக்கும் சண்டை.

துறைமுகப் பக்கத்து ஆஸ்பத்திரியில், விபத்துப் பிரிவின் பதிவு ஜன்னலில், நான் அப்போது ஆறு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தேன். கொழும்பிலிருந்து ஒருவர் மாற்றலாகி வருகிறார் என்றார்கள். வந்தார். ஐம்பது வயதிருக்கும். நெடுத்த பெண், கழுத்தில் நூல் போன்ற சங்கிலியில் ஒரு சிலுவை. கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, உள்ளங்கையில் தூண்டில் ஏறிய ஒரு மீனவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். பெயர், வயது, ஊர் எழுதிவிட்டு நான் அவரை உள்ளே அனுப்பப் பார்த்தேன்.

"எத்தனை மணிக்கு ஏறினது?" என்று கேட்டார் புதிதாக வந்தவர்.

மீனவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "காலமை" என்றார்.

"காலமை எண்டா? வெளிச்சம் வந்திட்டுதோ?"

"இப்பதான் வெளிக்கத் துவங்கினது."

"அப்ப அஞ்சே முக்கால். இப்ப ஒன்பது. மூண்டு மணித்தியாலம் கடல் தண்ணியோட கிடந்திருக்கு. உள்ள சொல்லுங்கோ."

எனக்கு எரிச்சல் வந்தது. "அக்கா, வந்த நேரத்தைப் போட்டாப் போதும். பட்ட நேரம் எழுத இதில இடமில்லை" என்றேன்.

அவர் கைப்பையைத் திறந்து ஓர் அடிமட்டத்தை எடுத்தார். பதிவுப் புத்தகத்தின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். தலைப்பில் 'பட்ட நேரம்' என்று எழுதினார். "இப்ப இடம் இருக்கு" என்றார்.

அதன்பின் நாலு வருடம் அந்தக் கோடு ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தது. ஓட்டோ குடைசாய்ந்தவன், மரத்தால் விழுந்தவன், புருஷன் அடித்து வந்தவள், பாம்பு கடித்தவர் என்று யார் வந்தாலும் அவர் முதலில் கேட்பது எத்தனை மணிக்கு என்பதைத்தான். கேட்டுக் கேட்டு அவருக்கு மணியக்கா என்று பட்டம் வைத்துவிட்டார்கள். வாசல் காவலாளிமுதல் வைத்தியர்வரை எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அவருக்கு அது தெரியும். கோபிக்கவில்லை. நான் மட்டும் அக்கா என்றே கூப்பிட்டேன்.

அவர் சாதுவான மனுஷி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கத்தியபடி ஓடிவரும் தாயையும் மறித்துக் கேட்பார். "கல்லு மனம்" என்று ஜன்னலுக்கு முன்னால் நின்று திட்டிவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர். எனக்கே சில நாள் அப்படித் தோன்றியிருக்கிறது.

அவர் கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இதே வேலையைப் பதினேழு வருடம் செய்தவர். துவக்குச் சூடு பட்டு வருகிறவர்களுக்கு மட்டும் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு புள்ளி வைப்பாராம். யாரும் சொல்லிச் செய்ததல்ல. ஒரு வருடக் கடைசியில் பக்கங்களைப் புரட்டியபோது அந்தப் புள்ளிகள் கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை, நாளின் குறிப்பிட்ட சில மணிகளில் குவிந்து கிடந்தன என்றார்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் எனக்கு விளங்கப்படுத்தினார்.

"துவக்குக்கும் நேரகாலம் இருக்குப் பிள்ளை. காலமை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில படுற சூடு திட்டம் போட்டுச் சுடுறது. அவன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில விடப் போற நேரம், வழக்குக்கு வெளிக்கிடுற நேரம் எல்லாம் சுடுறவனுக்குத் தெரியும். பொழுதுபட்டு ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில படுறது வேற. அது கோவம். வெள்ளி, சனியில கூட. சம்பளக் கிழமையில இன்னும் கூட. நல்லா மழை பெய்தா ஒருத்தனும் வரமாட்டான். நாங்கள் இருந்து ஆறுதலாத் தேத்தண்ணி குடிக்கலாம்."

"இதை அறிஞ்சு என்ன செய்யிறது அக்கா?"

"என்ன செய்யிறதோ? அங்க ஏழு மணிக்குத்தான் எல்லாருக்கும் ஷிப்ட் மாறும். போறவையும் வாறவையும் படியில நிண்டு கதைப்பினம். அந்த நேரம் பாத்துத்தான் சூடு பட்டவனும் வருவான். தள்ளுவண்டில் பிடிக்க ஆளில்லை, இரத்தம் எடுக்க ஆளில்லை. நான் போய்ச் சொன்னனான், ஷிப்டை ஆறு மணிக்கு மாத்துங்கோ எண்டு. எழுதுறவளுக்கு என்ன கதை எண்டு சிரிச்சாங்கள். நாலு மாசம் திரிஞ்சனான். கடைசியில ஒரு சத்திரசிகிச்சை டொக்டர் என்ர புத்தகத்தை வாங்கி அரை மணித்தியாலம் பாத்தார். அடுத்த மாசம் ஷிப்ட் ஆறுக்கு மாறிச்சுது."

ஷிப்ட் மாறியதால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கேட்டேன். "அது எனக்கெப்படித் தெரியும்? பிழைச்சுப் போறவன் வந்து சொல்லிப்போட்டுப் போறானே?" என்றார்.

அவரை அங்கிருந்து கிளப்பியதும் ஒரு நேரம்தான். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் அப்பிள் பெட்டி ஒன்றோடு ஜன்னலுக்கு வந்தாராம். முதல்நாள் பொழுதுபட ஒரு பெடியன் சூடு பட்டு வந்து செத்திருந்தான். ஏழு இருபது என்று எழுதியிருந்ததை எட்டு இருபது என்று ஆக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மணித்தியாலம்தானே தங்கச்சி என்றாராம்.

"ஒரு மணித்தியாலத்தில சுட்டவன் நீர்கொழும்பில ஒரு கலியாண வீட்டில சாப்பிட்டுக்கொண்டு இருந்தவன் ஆகிடுவான் ஐயா எண்டு சொன்னனான். ஆளின்ர முகம் மாறிப்போச்சு. அப்பிள் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போயிட்டார்."

அடுத்த கிழமை முழுவதும் அவருடைய பஸ் தரிப்பில் ஒருவன் வந்து நின்றான். இரவு ஷிப்டுக்குப் போக அவர் ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்து நாற்பது பஸ்ஸைப் பிடிப்பவர். நேரம் தவறாமல் நடக்கிறவனைத்தான் துவக்கு லேசாகக் கண்டுபிடிக்கும் என்பதை அவரை விட நன்றாக அறிந்தவர் இருக்க முடியாது.

"வேற பஸ்ஸில போயிருக்கலாமே" என்றேன்.

"ஏன் போகவேணும்? அது என்ர பஸ்."

அந்த ஐந்து நாற்பது பஸ்ஸிலேயே போய் வந்திருக்கிறார். அவனுக்குப் பக்கத்தில் நின்று, அவனுடைய முகத்தைப் பார்த்து, "தம்பி, பஸ் பிந்தீட்டுது போல" என்று சிங்களத்தில் கதையும் கொடுத்திருக்கிறார். பத்தாம் நாள் மாற்றல் கடிதம் வந்தது. "தண்டனை எண்டு நினைச்சு என்னை என்ர வீட்டுக்கு அனுப்பினாங்கள்" என்று சொல்லிச் சிரித்தார். அவருடைய வீடு மீன்சந்தைக்குக் கிட்ட, மாதா கோவில் மணி கேட்கும் தூரத்தில் இருந்தது.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அவராகச் சொன்னது ஒரே ஒரு தடவைதான். யுத்தகாலத்தில் அவருடைய தம்பி துறைமுகத்துக்கு மூட்டை தூக்கும் வேலைக்குப் போனவன், வெடி பட்டு றோட்டில் கிடந்தான். யார் சுட்டது என்று எவரும் சொல்லவில்லை. கையில் கொடுத்த காகிதத்தில் நேரம் என்ற இடத்தில் 'தெரியாது' என்று இருந்தது.

"அம்மா சாகும்வரைக்கும் மூண்டு நேரமும் அவனுக்கு மெழுகுதிரி கொளுத்தினவ. காலமையோ மத்தியானமோ பொழுதுபடவோ எண்டு தெரியாதுதானே. ஒரு மனிசன் செத்த நேரத்தை எழுதாம விட்டா, கொஞ்சக் காலத்தில அவன் செத்ததையே இல்லை எண்டு சொல்லுவாங்கள். பிறகு பிறந்ததையும் இல்லை எண்டுவாங்கள்."

அக்கா போய் இரண்டு வருடமாகிறது. புற்றுநோய். அவருடைய நேரம் காலை ஆறு பத்து. நான் பக்கத்தில் நின்றேன்.

அவரை நினைத்தால் எனக்கு நோயில் கிடந்த முகம் வருவதில்லை. அந்தப் பன்னிரண்டு நாட்கள்தான் வருகின்றன.

அது ஒரு சனிக்கிழமை. பொழுதுபட்டு ஏழரை மணியளவில் ஓர் ஓட்டோ வாசல்வரை ஏறி வந்து நின்றது. இருபத்துமூன்று வயதுப் பெடியன், பெயர் டிலான். நெஞ்சில் சூடு. மீன்சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஒடுங்கிய ஒழுங்கையின் வாயில், தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் வைத்துச் சுட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் பல வருடமாக இப்படி நடக்கவில்லை. அக்கா ஓட்டோக்காரரிடம், "எத்தனை மணிக்கு?" என்றார்.

"உமக்கு விசரோ? அவன் சாகப்போறான்!" என்று கத்தினார் ஓட்டோக்காரர்.

"அதுக்குத்தான் கேக்கிறன். எத்தனை மணிக்கு?"

"ஏழு இருபது... ஏழு இருபத்தைஞ்சு."

எழுதிவிட்டு என்னை ஜன்னலில் விட்டு உள்ளே போனார். அன்றைக்கு அவர் திரும்பி வர நேரமாயிற்று. தாய் றீற்றா ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அக்கா அந்த மனுஷியின் கையைப் பிடித்து, "ஏழு ஐம்பத்திரண்டு. நான் பக்கத்தில நிண்டனான். கையைப் பிடிச்சுக்கொண்டுதான் நிண்டனான். தனியக் கிடக்கேல்ல" என்றார். றீற்றா அவரை அறைந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் அக்காவின் தோளில் விழுந்தார்.

சூட்டுக்குப் பின்னால் இருந்த கதை இவ்வளவுதான். நிலாவெளிப் பாதையில் உள்ள சல்லி என்ற ஊரில் கதிரவேல் என்ற மீனவரின் தோணி எஞ்சின் களவு போயிருக்கிறது. டிலான்தான் எடுத்தான் என்று கதிரவேலின் மகன் சந்தையில் வைத்து அடித்திருக்கிறான். டிலான் திருப்பி அடித்திருக்கிறான். நாலைந்து மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். பிறகு எங்கிருந்தோ ஒரு கைத்துவக்கு வந்து சேர்ந்தது. சுட்ட மகனை மூன்றாம் நாள் பொலிஸ் பிடித்துவிட்டது. இனி என்ன என்று நாங்கள் மூச்சு விட்டோம்.

ஊர் விடவில்லை. இன்றைக்கும் வெடி விழுமாம் என்று வட்ஸ்அப்பில் ஒவ்வொரு பின்னேரமும் செய்தி வந்தது. கடைகள் ஆறு மணிக்கே பூட்டின. ரியூஷன் வகுப்புகள் நின்றன. கோவிலில் மாலைப் பூசையை நாலரைக்குக் கொண்டுவந்தார்கள். ஏழு மணிக்கு மீன்சந்தை றோட்டில் நாய்கள்தான் நின்றன.

அக்காவுக்கு அப்போது வந்த கோபத்தை நான் முன்னும் பின்னும் கண்டதில்லை.

"சுட்டவன் உள்ளுக்கு இருக்கிறான். ஆறில இருந்து ஒன்பது வரைக்கும் உள்ள நேரத்தை நாங்களாத் தூக்கிக் குடுத்திட்டு வீட்டுக்குள்ள இருக்கிறம். சனம் இல்லாத றோட்டு ஆருக்கு வசதி? இனிச் சுடப்போறவனுக்குத்தானே!"

"இனி ஆர் அக்கா சுடப்போறது?"

அப்போதுதான் மிச்சத்தைச் சொன்னார். கொழும்புப் புத்தகத்தில் அவர் கண்ட வேறொன்று இருந்தது. ஒரு சூட்டுக்குப் பிறகு இன்னொரு சூடு வருவதானால், பெரும்பாலும் அது இரண்டு கிழமைக்குள் வந்துவிடும். அதுவும் உடனே வராது. செத்த வீட்டில் சனம் நிறைந்திருக்கும் நாட்களில் வராது. சொந்தக்காரர் ஒவ்வொருவராக வெளிக்கிட்டு, கதிரைகளைத் திருப்பிக் கொடுத்து, வீடு வெறுமையான பிறகுதான் வரும். ஐந்தாம் நாள், ஆறாம் நாள், ஏழாம் நாள் பூசை, அதற்கடுத்த சில நாட்கள். "அதைத் தாண்டினா, கோவம் சாகாட்டியும் கை கொஞ்சம் ஆறிடும்" என்றார்.

டிலானுக்கு ஓர் அண்ணன் இருந்தான். நிக்சன். சல்லியில் கதிரவேல் இருந்தார். மகன் செய்த வேலைக்காக வீட்டைப் பூட்டிக்கொண்டு, கடலுக்கும் போகாமல்.

அக்கா பொலிசுக்குப் போய்ச் சொன்னார். இரண்டு நாள் ஒழுங்கை வாயில் காவல் போட்டுவிட்டு எடுத்துவிட்டார்கள். பிறகு அவர் நேரே ஒழுங்கைக்குள் இருந்த றீற்றாவின் வீட்டுக்குப் போனார். நானும் போனேன். வீட்டில் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. அக்கா உட்காரவில்லை.

"றீற்றா, உங்கட மற்ற மகனைக் கவனமாப் பாருங்கோ. இந்தக் கிழமைதான் பயம்."

றீற்றா நிமிர்ந்து பார்த்தார். "என்ர பிள்ளையைப் பறிகுடுத்திட்டு இருக்கிறன். மற்றவனைக் கொலைகாரன் எண்டு சொல்ல வந்தனீங்களோ? வெளிய போங்கோ."

வெளியே வந்தோம். அக்கா ஒழுங்கை வாய்க்கு நடந்து தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நின்றார். கடைக்காரர் கிண்ணியா ஆள், நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். ஆறு மணிக்குப் பலகை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் நானா பூட்டுறீங்க?"

"சனம் வந்தாத்தானே திறக்கிறது, தங்கச்சி?"

"நான் சனமில்லையோ? ஒரு பிளேன்ரீ போடுங்கோ."

டிலானுடைய இரத்தத்தை மண் போட்டு மூடிய இடத்துக்கு மூன்று அடி தள்ளிக் கதிரையைப் போட்டு எட்டரை மணிவரை அக்கா அங்கே இருந்தார். நான் இருக்கவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள், லிங்கநகருக்கு பஸ் குறைவு என்று ஏதேதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உண்மையான காரணம் பயம்.

அடுத்தநாள் வேலை முடிந்து பின்னேரம் மூன்று மணிக்கே அக்கா திரும்பவும் அங்கே போய் இருந்தபோது, ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு றீற்றா அந்த இடத்துக்கு வந்தாராம். அக்காவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாராம். பிறகு, "மூண்டு நாளாப் பின்னேரம் மூண்டரைக்கு வெளிக்கிடுறான். அஞ்சு மணிக்கு வாறான். எங்க போறாய் எண்டாச் சொல்லுறானில்லை. செருப்பு முழுக்க வெள்ளை மணல்" என்றாராம்.

கதிரவேல் தோணி தள்ளுவது வழக்கமாகப் பின்னேரம் நாலு மணிக்கு. சல்லியில் எல்லோருக்கும் தெரிந்த நேரம். நிக்சன் போய் அந்த நேரத்துக்குக் காத்திருந்திருக்கிறான். மனுஷன் பயத்தில் கடலுக்கு வராததால் பிழைத்திருக்கிறார்.

அன்று றீற்றாவின் தங்கை வந்தார். பிறகு பக்கத்து வீட்டு மீன்காரப் பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் நானும் போனேன். "உனக்கென்ன வந்தது? இது அவையின்ர பிரச்சினை" என்று என் புருஷன் மறித்தார். "சூடு பட்டவன் என்ர ஜன்னலுக்குத்தானே வாறான்" என்று சொல்லிவிட்டுப் போனேன். அவரை எதிர்த்து நான் சொன்ன முதல் சொல் அதுவாக இருக்கும்.

அன்றைக்குப் பதினொரு கதிரை. அந்த ஒழுங்கைக்கு வாய் ஒன்றுதான், மற்றப் பக்கம் கடல். நாங்கள் வாயை மறித்து இரண்டு வரிசையாக இருந்தோம். ஓட்டோ வந்தால் எழும்பி வழி விட்டோம், பிறகு உட்கார்ந்தோம். நானா தேத்தண்ணி ஊற்றினார். வெயில் இன்னும் இறங்கவில்லை.

மூன்றரைக்கு நிக்சனின் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. மெலிந்த பெடியன், தாடி வளர்ந்திருந்தது. முதுகில் போடுகிற பையை நெஞ்சுப் பக்கம் போட்டிருந்தான்.

"எழும்புங்கோ" என்றான்.

ஒருவரும் எழும்பவில்லை.

"அம்மா, எழும்பு."

"எங்க போறாய்?"

"எங்கயோ போறன். எழும்பு."

"பையைத் திறந்து காட்டிப்போட்டுப் போ."

அவன் எஞ்சினை முறுக்கினான். முன் சில்லு றீற்றாவின் முழங்காலில் வந்து முட்டியது. என் பக்கத்தில் இருந்த மீன்காரப் பெண் மாதாவே என்றார். றீற்றா அசையவில்லை.

"ஏத்து. என்னையும் ஏத்திப்போட்டுப் போ. பிறகு இந்த வீட்டில உனக்கு ஒருத்தரும் இல்லை. விருப்பமான நேரம் போய் வரலாம்."

"அவன் தம்பியைச் சுட்டவனம்மா!" நிக்சனின் குரல் உடைந்தது. "அப்பன்காரன் அங்க வீட்டில இருந்து சோறு தின்னுறான். தம்பி மண்ணுக்குள்ள."

அப்போதுதான் அக்கா வாய் திறந்தார். எழும்பவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"தம்பி, நீங்க ஒரு நேரம் பாத்து வைச்சிருக்கிறீங்க. எனக்குத் தெரியும். கொழும்பில உங்களைப் போல கனபேர் பாத்து வைச்சவங்கள். சுட்டுப்போட்டு வீரனா வருவம் எண்டு நினைச்சவங்கள். அதில அரைவாசிப் பேரை நான் பிறகு என்ர ஜன்னலில கண்டனான், அவங்களே சூடு பட்டு வரக்குள்ள. மிச்சப் பேரின்ர தாய்மாரைச் சிறைச்சாலை பஸ்ஸில கண்டனான். உங்கட தம்பியின்ர பேரை எழுதின கையால உங்கட பேரையும் எழுத எனக்கு ஏலாது. எழுதமாட்டன். அதுக்குத்தான் இதில இருக்கிறன்."

"நீங்க ஆர் எனக்குச் சொல்ல?"

"நான் ஆருமில்லை. உங்கட தம்பி கடைசியாப் பிடிச்ச கை என்ர கை. அவ்வளவுதான்."

நிக்சன் அந்தக் கையைப் பார்த்தான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றான் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அக்காவுக்குத் தெரிந்திருக்கும். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனான். றீற்றா அவன் போனபின்தான் முழங்காலைத் தடவினார். தோல் உரிந்திருந்தது.

அதோடு முடியவில்லை. அடுத்தநாளும் வந்தான், அதற்கடுத்த நாளும் வந்தான். ஒருநாள் கத்தினான். ஒருநாள் ஒன்றும் பேசாமல் திரும்பினான். பத்தாம் நாள் அவனுடைய சிநேகிதர்கள் நாலு பேர் குடித்துவிட்டு வந்து, "மச்சான், இண்டைக்குத்தான்" என்று ஒழுங்கை வாயில் நின்றபோது, மீன்காரப் பெண்கள் மீன் வெட்டுகிற இடத்திலிருந்து நேரே எழும்பி வந்து அவர்களைத் துரத்தினார்கள். அதற்குள் கதிரைகள் முப்பதுக்கு மேல் ஆகிவிட்டன. பக்கத்துப் புடவைக் கடை எட்டரைவரை திறந்திருந்தது. ரியூஷன் வாத்தியார் வகுப்பைத் தொடங்கினார். மாலைப் பூசை ஆறு மணிக்குத் திரும்பி வந்தது. பதினோராம் நாள் நிக்சன் வண்டியில்லாமல் நடந்து வந்து நானாவின் கடை வாங்கில் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டான். பை இல்லை. அதற்குள் என்ன இருந்தது, அது எங்கே போயிற்று என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் அக்கா, "கதிரவேல் இன்னும் வீட்டுக்குள்ளதான் கிடக்கிறார். அடுப்பு எரியேல்லையாம்" என்றார். றீற்றாவைப் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார். றீற்றா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒருக்காலும் அந்தாளை மன்னிக்கமாட்டன்" என்றார்.

"மன்னிக்கச் சொல்லி ஆர் கேட்டது?" என்றார் அக்கா.

அன்று பின்னேரம் அக்கா, றீற்றா, நான் மூவரும் நிலாவெளி பஸ்ஸில் ஏறிச் சல்லிச் சந்தியில் இறங்கிக் கரைக்கு நடந்தோம். அக்கா மட்டும் கதிரவேலின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் கதிரவேல் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். எதிரில் நிற்பது யார் என்று தெரிந்ததும் வலையைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கும்பிட வேண்டாம்" என்றார் றீற்றா. "உங்களுக்காக வரேல்ல. எனக்கு ஒரு பிள்ளை மிச்சம் இருக்கு. நீங்க பயந்து ஒளிச்சிருந்தா அவன் உங்களைத் தேடிக்கொண்டே இருப்பான். போங்கோ, தொழிலுக்குப் போங்கோ."

சொல்லிவிட்டுக் கடலுக்கு முதுகைக் காட்டி, றோட்டைப் பார்த்து நின்றார். ஊர்ச்சனம் தூரத்தில் நின்று பார்த்தது. தோணியைத் தள்ள ஒருவரும் கிட்ட வரவில்லை. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தோணியின் பின்பக்கத்தில் கையை வைத்தார். நான் மற்றப் பக்கம் பிடித்தேன். அதைக் கண்டபிறகு இரண்டு பேர் ஓடி வந்தார்கள், பிறகு இன்னும் நாலு பேர். தோணி மணலை விட்டு இறங்கியது. கதிரவேல் ஏறி, களவு போனதுக்குப் பதிலாக வாங்கிப் பூட்டிய எஞ்சினை இழுத்தார். இரண்டு தரம் அணைந்து மூன்றாம் தரம் பிடித்தது. அலையைத் தாண்டும்வரை அவர் திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்.

றீற்றா திரும்பவில்லை.

"போயிட்டானோ?" என்று கேட்டார்.

"போயிட்டார்" என்றார் அக்கா. இடுப்புவரை நனைந்திருந்தார்.

றீற்றா, மோட்டார்சைக்கிள் வருகிறதோ என்று றோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"விடியக்கை அந்தாள் கரைக்கு வரக்குள்ளயும் இதில ஆராவது நிக்கவேணும்" என்றார். "நான் வாறன்."